ஆய்வுக்கூடத்துக்கும் ஆலைத்தளத்துக்கும் நடுவே: கார் ஒயரிங் துறைக்கு எந்த உதவி தேவை?

2022 மார்ச் முதல் வாரங்களில் ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ., போர்ஷே நிறுவனங்களின் ஜெர்மன் ஆலைகள் அடுத்தடுத்து உற்பத்தியை நிறுத்தின. மேற்கு உக்ரைனில் ஸ்ட்ரீ, கொலோமியா என்ற இரண்டு ஊர்களில் லியோனி நிறுவனம் நடத்திவந்த ஒயரிங் ஹார்னஸ் (காரின் மின்கம்பிக் கட்டு) ஆலைகள் போரால் முடங்கியது இதற்கு முக்கியக் காரணம். அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 7,000 பேர். இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2020 பிப்ரவரியில், கொரோனாவால் சீனாவில் ஹார்னஸ் ஆலைகள் மூடப்பட்டதும் தென்கொரியாவில் ஹூண்டாயின் லைன்கள் நின்றுபோயின. ரோபோக்கள் வரிசைகட்டி நிற்கும் நவீன கார் ஆலையும், செம்புக் கம்பிகளைக் கையால் கட்டித் தரும் தொழிலாளர்களை நம்பித்தான் ஓடுகிறது என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் வெளிச்சம்போட்டுக் காட்டின.

இந்தத் துறையில் ஆராய்ச்சிக்குப் பஞ்சம் இல்லை. வளையும் கம்பியை ரோபோ எப்படிப் பிடிப்பது, செம்புக்குப் பதில் அலுமினியத்தை எப்படிப் பயன்படுத்துவது, மின்னழுத்தத்தை உயர்த்திக் கம்பியை எப்படி மெலிதாக்குவது என்று பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. அவற்றில் ஒரு சிறு பகுதிதான் ஆலைத்தளத்தை எட்டியிருக்கிறது. சப்ளையர்களுக்கு ஆர்வம் இல்லை, பேராசிரியர்களுக்கு நடைமுறை தெரியாது என்று இரு தரப்பும் ஒருவரையொருவர் குறை சொல்வதே வழக்கமாகிவிட்டது. சான்றுகளை வரிசையாகப் பார்த்தால் வேறொரு முடிவுதான் கிடைக்கிறது. ஆய்வின் தொடக்கத்துக்கும் பணம் இருக்கிறது. விற்பனைக்கு வந்த பொருளுக்கும் பணம் இருக்கிறது. உற்பத்தி வேகத்தில் ஓட்டிப் பார்த்து, தரவு சேர்த்து, வாகன நிறுவனத்தின் ஒப்புதல் வாங்கும் நடுக்கட்டத்துக்குத்தான் பொறுப்பாளியும் இல்லை, பணமும் இல்லை. உதவி தேவைப்படுவது அங்கேதான்.

முதலில் வேலையின் இயல்பைப் பார்ப்போம். இன்றைய காரின் ஹார்னஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பிகள் இருக்கலாம். உயர்ரகக் கார்களில் அவற்றின் மொத்த நீளம் சில கிலோமீட்டரைத் தொடும், எடை பல பத்துக் கிலோ வரும். கம்பியை அளவாக வெட்டுவது, முனையில் உறையை உரிப்பது, உலோக டெர்மினலை அதன்மேல் நசுக்கி இறுக்குவது, அதாவது கிரிம்ப் செய்வது, ஆகிய மூன்றையும் இயந்திரங்களே மணிக்கு ஆயிரக்கணக்கில் செய்துமுடிக்கின்றன. அதற்கடுத்த கட்டம் கைவேலை. ஹார்னஸின் முழு வடிவமும் அச்சிட்ட பெரிய பலகையில் முளைகள் நட்டிருக்கும். தொழிலாளி ஒவ்வொரு கம்பியையும் அதற்குரிய முளைகளுக்கு நடுவே ஓட்டி, முனையை கனெக்டரின் சரியான துளையில் ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை செருகி, கிளைகளை டேப்பால் சுற்றி, குழாயும் கிளிப்பும் பொருத்துகிறார். கம்பி இரும்புத் தகடு போல ஓரிடத்தில் நிற்காது. தொட்டால் நெளியும், இழுத்தால் மடங்கும். போதாக்குறைக்கு, வாங்குபவர் கேட்கும் வசதிகளைப் பொறுத்து ஒரே மாடலுக்கு எண்ணற்ற ஹார்னஸ் வகைகள் உண்டு. இதனால்தான் ஒரு காரின் ஹார்னஸை வேறொரு காருக்கு மாற்றிப் போடவும் முடியாது, முன்கூட்டியே செய்து குவித்துவைக்கவும் முடியாது.

ஆய்வு நடைமுறையாகும் வழி எவ்வளவு கரடுமுரடானது என்பதை ஒரே ஒரு கிரிம்பில் பார்த்துவிடலாம். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்தின் அடர்த்தி 2.70 கிராம். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 சதவீதம். ஆகவே கம்பியைச் சற்றுத் தடிமனாக்கினாலும் எடை ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. காகிதத்தில் கணக்கு அத்தோடு முடிந்துவிடும். கிரிம்ப் வேறு கதை சொல்கிறது. அலுமினிய இழைகளின் மேல் காற்றுப்பட்ட உடனேயே மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் படர்கிறது. டெர்மினல் இறுகும்போது அது உடைந்தாக வேண்டும். நாளாக ஆக அழுத்தத்தில் அலுமினியம் மெல்ல நெகிழ்ந்துகொடுப்பதால் பிடி தளர்கிறது. செம்புக் கலவை டெர்மினலும் அலுமினியக் கம்பியும் சந்திக்கும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கப்படுகிறது. ரம்பப்பல் போன்ற உட்புற வரிகள், முனையை முழுதாக மூடும் டெர்மினல், லேசர் பற்றவைப்பு, பசைப்பூச்சு என்று தீர்வுகள் பலவும் வந்தன. ஜப்பானிய நிறுவனங்கள் அவற்றில் சிலவற்றை உற்பத்திக்கே கொண்டுவந்துவிட்டன. சிறிய சப்ளையர்களால் அது முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் நம் கேள்வி.

ஆய்வுக்கூடத்தில் நூறு கிரிம்புகளைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்து இழைகளுக்கு நடுவே இடைவெளி இல்லை என்று காட்டினால் ஆய்வு வெற்றி. ஆலையில் அதே கிரிம்ப் மூன்று ஷிஃப்டிலும் லட்சக்கணக்கில் விழ வேண்டும். கிரிம்ப் இயந்திரத்தில் பொருத்தும் அச்சான அப்ளிகேட்டரின் கத்தி தேயும். கம்பிச் சுருள் மாறும்போது இழையின் கடினம் சற்று மாறும். உறை உரிக்கும்போது ஓர் இழை வெட்டுப்படும். கிரிம்பின் உயரம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு பிசகினாலே இணைப்பு கெட்டுப்போகலாம். அந்தப் பிசகு அன்றைக்குத் தெரியாது; இரண்டு மழைக்காலம் கழித்து, ஓடும் வண்டியில்தான் தெரியவரும். ஆகவே சப்ளையருக்குத் தேவை ஆய்வறிக்கை மட்டுமல்ல. எந்தக் கத்தி எத்தனை அடிக்குப் பிறகு மாற்றப்பட வேண்டும், கிரிம்ப் விசையைக் கண்காணிக்கும் கருவிக்கு என்ன எல்லை வைக்க வேண்டும், எத்தனை துண்டுக்கு ஒருமுறை இழுவைச் சோதனை செய்ய வேண்டும் என்ற விவரங்கள் அவருக்கு வேண்டும். இந்த விவரங்கள் எந்த ஆய்விதழிலும் வராது. லைனை ஓட்டிப் பார்த்தால் மட்டுமே கிடைக்கும்.

ஓட்டிப் பார்க்க சப்ளையர் ஏன் தயங்குகிறார்? பெரும்பாலான சப்ளையர்கள் வாகன நிறுவனம் தரும் வரைபடத்தின்படி செய்துகொடுப்பவர்கள். கம்பியின் தடிமன், டெர்மினல், கனெக்டர் என எதையும் அவர்கள் தாமாக மாற்ற முடியாது. ஆள், இயந்திரம், பொருள், முறை ஆகிய நான்கில் எது மாறினாலும் வாகன நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பிபிஏபி எனப்படும் உற்பத்தி உறுப்பு ஒப்புதலை மறுபடியும் வாங்க வேண்டியும் வரலாம். மாதிரி, சோதனை, ஆவணம், காத்திருப்பு என அதன் செலவு முழுக்க சப்ளையர் தலையில் விழுகிறது. புதிய முறையால் செலவு குறைந்தாலோ, அடுத்த ஆண்டின் விலைக்குறைப்புப் பேச்சில் அந்த மிச்சம் வாங்குபவர் கைக்குப் போய்விடுகிறது. புதிய முறை தோற்றால் ரீகால் செலவில் பங்கு சப்ளையருக்கு. லாபம் ஒருவருக்கு, அபாயம் இன்னொருவருக்கு என்றிருக்கும் இடத்தில் தயங்குவதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமல்ல. அது சரியான வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கை மாற்றாமல் கருத்தரங்கு நடத்திப் பயனில்லை.

வரலாறும் இதையே சொல்கிறது. 1990-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யும் வாகன நிறுவனங்களும் கூட்டமைப்பு அமைத்து, காரின் 12 வோல்ட் மின்னமைப்பை 42 வோல்ட்டுக்கு உயர்த்தும் திட்டத்தை வகுத்தன. ஜெர்மனியிலும் இணையான முயற்சி நடந்தது. ஆராய்ச்சி தரமானது, மின்னழுத்தம் உயர்ந்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் குறையும், கம்பி மெலியும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. டொயோட்டா 2001-இல் கிரவுன் காரின் மைல்டு ஹைப்ரிட்டில் அதைக் கொண்டுவரவும் செய்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளிலேயே திட்டம் கரைந்துபோனது. 42 வோல்ட்டில் சுவிட்சும் கனெக்டரும் பிரியும்போது எழும் ஆர்க் தீப்பொறிக்கு எல்லா உறுப்புகளையும் மறுபடி வடிவமைக்க வேண்டியிருந்தது. பல்பு முதல் மோட்டார் வரை எல்லாவற்றையும் மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. இதற்குள் 12 வோல்ட் உறுப்புகளே மேம்பட்டுவிட்டன.

பின்னர் 2011-இல் ஆடி, பி.எம்.டபிள்யூ., டைம்லர், போர்ஷே, ஃபோக்ஸ்வாகன் ஆகிய ஐந்து ஜெர்மன் நிறுவனங்களும் 48 வோல்ட்டுக்குப் பொது விவரக்குறிப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டன. இந்த முறை 12 வோல்ட்டைத் தூக்கி எறியவில்லை. அதை அப்படியே விட்டு, அதிகத் திறன் கேட்கும் சில உறுப்புகளுக்கு மட்டும் இரண்டாவது வலையை அருகில் சேர்த்தன. புகை விதிகள் இறுகியதால் அதற்கு வாங்குபவர்களும் இருந்தார்கள். 2016 முதல் 48 வோல்ட் கார்கள் சாலைக்கு வந்தன. இயற்பியல் இரண்டு முறையும் ஒன்றுதான். மாற்றத்தைப் படிப்படியாக்கியதும், எதை எப்படிச் சோதிப்பது என்று வாங்குபவர்கள் கூடி ஒரே ஆவணத்தில் எழுதிக்கொடுத்ததும்தான் வேறுபாடு. சப்ளையர் ஒரு முறை சோதித்ததை ஐந்து வாடிக்கையாளரிடமும் காட்ட முடிந்தால், அவர் முதலீடு செய்யத் துணிவார்.

நடுக்கட்டத்துக்கென்றே அமைப்புகளை வளர்த்த நாடு ஜெர்மனி. 1949-இல் தொடங்கிய ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்துக்கு வரும் ஆய்வு நிதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் நிலையான அரசு மானியம். மீதியைத் தொழிற்சாலை ஒப்பந்தங்கள் மூலமும் அரசுத் திட்டங்களில் போட்டியிட்டும் அது ஈட்ட வேண்டும். தொழிற்சாலைக்குப் பயன்படாத ஆய்வு அங்கே நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான கூட்டுத் தொழிலாய்வு முறை 1950-களிலிருந்து நடக்கிறது. ஒவ்வொரு ஆய்வுக்கும் நிறுவனப் பிரதிநிதிகள் கொண்ட துணைக்குழு உண்டு. ஆய்வின் நடுவிலேயே, இது லைனில் ஓடாது என்று சொல்லும் இடம் அது. 2013-இல் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய அரீனா 2036 இன்னும் ஒரு படி மேலே போனது. கார் பிறந்து 150 ஆண்டு நிறையும் ஆண்டைப் பெயரிலேயே வைத்திருக்கும் இந்த ஆய்வு வளாகத்தில் வாகன நிறுவனம், உறுப்பு நிறுவனம், இயந்திரம் செய்பவர், பேராசிரியர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். ஹார்னஸுக்கென்றே தனிக் கூட்டுமுயற்சி அங்கே நடக்கிறது.

அந்த முயற்சியின் பலன்களில் முக்கியமானது ரோபோ அல்ல; தரநிலை. கனெக்டரை ரோபோ பிடிக்கத் தட்டையான இடம் இருக்கிறதா, கேமராவுக்கு அடையாளம் தெரிகிறதா, கம்பியைச் செருகும் வாய் சற்று அகன்றிருக்கிறதா போன்ற கேள்விகளுக்கு விடை தரும் வகையில், தானியங்கித் தயாரிப்புக்கு ஏற்ற உறுப்புகளுக்கென டிஐஎன் 72036 என்ற ஜெர்மன் தரநிலை உருவானது. இதேபோல் ஹார்னஸின் வடிவமைப்பு விவரத்தை வரைபடமாக அல்லாமல் கணினி படிக்கும் தரவாகப் பரிமாறுவதற்கு ஜெர்மன் வாகனத் தொழில் சங்கம் கேபிஎல், விஇசி என்ற இரண்டு பொது வடிவங்களை ஏற்றிருக்கிறது. வரைபடத்தைப் பார்த்து ஆள் மறுபடி தட்டச்சு செய்யும்வரை எந்த இயந்திரத்தாலும் பயனில்லை. இத்தகைய தரநிலை இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆய்வும் ஒரே ஒரு கனெக்டருக்கு மட்டும் பொருந்தும் செயல்விளக்கமாக நின்றுவிடும்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். இத்தனை அமைப்பு இருந்தும் ஜெர்மனியின் முன்னணி ஹார்னஸ் நிறுவனமான லியோனி தப்பவில்லையே? 2023-இல் கடன் மறுசீரமைப்பில் பழைய பங்குதாரர்கள் தங்கள் முதலீட்டை இழந்தார்கள். பின்னர் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கு சீனாவின் லக்‌ஷேர் குழுமத்திடம் போனது. உண்மைதான். ஆனால் லியோனியை வாட்டிய காரணங்களில் கடன்சுமையும், மெக்சிகோவின் மெரிடாவில் புதிய ஆலையைத் தொடங்கியபோது எகிறிய செலவும் முக்கியமானவை. புதிய ஆர்டருக்கு உற்பத்தியை ஏற்றும் கட்டத்தில்தான் பணம் கரைந்தது. ஆய்வு அமைப்புகள் தோற்றன என்பதற்கு இது சான்றாகாது. ஒப்பந்த விதிகள் மாறாமல் ஆய்வு உதவி மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றாது என்பதற்கு இது சான்று. அதை நான் முழுமனதாக ஏற்கிறேன்.

சந்தையே தீர்த்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. அமெரிக்காவின் ரிவியன் 2024-இல் தன் ஆர் 1 வண்டிகளில் கணினிப் பெட்டிகளை 17-லிருந்து 7-ஆகக் குறைத்து, ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் கம்பியை நீக்கியது. எடை 20 கிலோ குறைந்தது. டெஸ்லா சைபர்டிரக்கில் 48 வோல்ட்டை முதன்மை வலையாக்கியது. இவை சப்ளையரின் சாதனைகள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வடிவமைப்பும் மென்பொருளும் ஒப்புதலும் ஒரே கையில் இருந்ததால் நடந்தவை. நடுக்கட்டத்தின் செலவை ஒரே நிறுவனம் ஏற்றது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான ஆதரவு தேவையில்லை. பல வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் சப்ளையருக்கு அந்த அதிகாரம் கிடையாது. சந்தைக்கு விட்டால் அவர் மாற மாட்டார், மறைந்துபோவார். அவர் மறைந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் 2020-இலும் 2022-இலும் கார் ஆலைகள் பார்த்தன.

கூலி குறைந்த நாட்டில் இதெல்லாம் எதற்கு, இருக்கிற வேலையும் போய்விடாதா என்பது மூன்றாவது, மனசாட்சியைத் தொடும் மறுப்பு. மொராக்கோ, துனிசியா முதல் இந்தியா வரை ஹார்னஸ் லைன்களில் பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். ஆய்வு என்றாலே ரோபோ என்று எண்ணுவதால் இந்த அச்சம் பெருகுகிறது. கிரிம்ப் கண்காணிப்பு, அலுமினிய இணைப்பு, மின்வாகனத்துக்கான உயர்மின்னழுத்தக் கேபிள் ஆகியவை ஆளை நீக்குவதைவிடத் தேர்ந்த ஆளைத்தான் அதிகம் கேட்கின்றன. மறுபக்கம், ரிவியன் செய்ததுபோல் கணினிப் பெட்டிகளைக் குறைத்து, காரின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று என வைக்கும் மண்டலவாரி மின்னமைப்பு வந்தால் கம்பியின் நீளம் எப்படியும் குறையும். நாம் ஆய்வைத் தள்ளிவைப்பதால் அது நிற்காது. தயாராகாத ஆலையில்தான் வேலை முதலில் போகும். ஆனால் இதைச் சொல்லிவிட்டுத் தொழிலாளியைக் கைவிட முடியாது. பொது நிதி பெறும் ஒவ்வொரு திட்டத்திலும் லைனில் நிற்பவருக்கான பயிற்சிச் செலவு கட்டாயமாக இடம்பெற வேண்டும். எந்த முனை எங்கே சிக்கும் என்பதை அறிந்தவர் அவர். சோதனைக் கட்டத்திலேயே அவரைச் சேர்த்துக்கொண்டால் ஆய்வுக்கும் லாபம்.

போட்டியாளர்கள் ஒரே கூரையின் கீழ் கூடினால் ரகசியம் கசியும், விலைக் கூட்டு உருவாகும் என்ற ஐயமும் உண்டு. இதே துறையில் விலைக் கூட்டு நடந்திருக்கிறது. அமெரிக்க நீதித்துறை தொடர்ந்த வழக்கில் 2012-இல் யாசாகி 47 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. ஆகவே எல்லையை எழுத்தில் வைக்க வேண்டும். அளவிடும் முறை, சோதனைத் தரவு, உறுப்புகளின் இணைப்பு அளவுகள் ஆகியவை பொது. விலை, வாடிக்கையாளர், ஆலையின் உள்முறைகள் தனிச்சொத்து.

இவை தமிழ்நாட்டுக்குப் புதிய யோசனைகள் அல்ல. 1956-இல் கோவையில் தொடங்கிய சிட்ரா, போட்டியிடும் நூற்பாலைகள் உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் கூட்டு ஆய்வு நிறுவனம். ஆலைகளின் நூல் தரத்தையும் கழிவையும் உற்பத்தித்திறனையும் ஒப்பிட்டு, நல்ல ஆலை எட்ட வேண்டிய அளவுகோலை வகுத்துக் கொடுத்தது. ஆட்களுக்குப் பயிற்சி தந்தது. வாகனத் துறைக்கு 1966 முதல் புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற ஆய்வு நிறுவனம் இருக்கிறது. சென்னையைச் சுற்றிய வாகனப் பட்டைக்குத் தேவையான அறிவும் அருகிலேயே இருக்கிறது. அரிமானத்தை ஆராயக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உறையும் கனெக்டரும் செய்யும் பிளாஸ்டிக்குக்குக் கிண்டியில் சிபெட், வாகனச் சோதனைக்கு ஒரகடத்தில் ஆய்வு மையம். இவற்றை இணைத்து, உண்மையான உற்பத்தி வேகத்தில் ஓடும் ஒரு ஹார்னஸ் சோதனை லைன்தான் வேண்டும். மத்திய அரசு 2021-இல் அறிவித்த 25,938 கோடி ரூபாய் வாகன ஊக்கத்தொகைத் திட்டம் விற்பனை உயர்வுக்குப் பணம் தருகிறது. பல்கலைக்கழக மானியம் ஆய்வுக்குப் பணம் தருகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள லட்சம் கிரிம்புகளுக்கு யார் பணம் தருவது?

மூன்று காரியங்கள் நடக்க வேண்டும் என்பதே என் முடிவு. சிறு சப்ளையரும் நாள் வாடகைக்கு எடுக்கக்கூடிய பொதுச் சோதனை லைன் ஒன்றை அரசும் தொழில்துறையும் சேர்ந்து நிறுவ வேண்டும். அங்கே கிடைக்கும் சோதனைத் தரவைப் பிபிஏபி ஒப்புதலுக்குச் சான்றாக ஏற்க வாகன நிறுவனங்கள் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய முறையால் வரும் மிச்சத்தில் ஒரு பங்கு, முதலீடு திரும்பும்வரையாவது சப்ளையரிடமே இருக்கும்படி ஒப்பந்தம் எழுத வேண்டும். முதலாவதற்குத்தான் பணம் தேவை. மற்ற இரண்டுக்கும் வாகன நிறுவனங்களின் ஒப்புதல் மட்டுமே போதும். அந்த ஒப்புதல் வராமல் முதலாவதில் எவ்வளவு பணம் போட்டாலும், இன்னும் சில ஆய்வறிக்கைகள்தான் மிஞ்சும்.